மழைக்காலத்துல எங்க எஸ்டேட் டவுன் கோல்ப் திடல்: 9 ஹோலும் நனைஞ்சு பாத்தாச்சு

முதல்லயே மார்க் போட்டுடுறேன். காஞ்ச நாள்ல இந்தத் திடலுக்கு அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுக்கறதே பெருசு. ராத்திரி நல்லா கொட்டித் தீத்துட்டு காலையில லேசா தூறிக்கிட்டு இருக்கற நாள்ல போனீங்கன்னா நாலு, சில ஹோலுக்கு மட்டும்னா அஞ்சே குடுத்துடலாம். ஏன்டா இப்படி சொல்றான்னு தோணும், பொறுமையா படிங்க.

கிளப் பேரு போடல. கீழ கொஞ்சம் திட்டப் போறேன், கமிட்டியில இருக்கறவங்க பாதி பேரு கல்யாண வீட்டுல நம்ம பந்தியில பக்கத்து இலையில உக்கார்றவங்க, எதுக்கு வம்பு. மலேசியாவுல பேராக் பக்கம்னு மட்டும் வெச்சுக்குங்க. நாலு பக்கமும் செம்பனை (பாமாயில் மரம்), நடுவுல ஒரு முருகன் கோயிலு, ஒரு தமிழ்ப்பள்ளி, ரெண்டு வரிசை கடை, ஒரு பெட்ரோல் ஸ்டேஷன், அதைத் தாண்டி லோரி போற செம்மண் ரோட்ல திரும்புனா கிளப் போர்டு தெரியும். குணசேகரன், ராமாயான்னு நம்ம ஆளுங்களே தொழில்முறை புரோவா ஆடுன நாடுதான் இது, ஆனா டவுன்ல இன்னும் கோல்ப்னா டத்தோ பட்டம் வாங்குன பெரிய மனுஷங்க வீட்டு வெளையாட்டுன்னுதான் பேச்சு. இங்க வந்து பாத்தா லோரி டிரைவரு, பள்ளிக்கூட வாத்தியாரு, ரிட்டயர் ஆன கிராணி (தோட்டத்து குமாஸ்தா) எல்லாரும்தான் ஆடறாங்க. வார நாள்ல 9 ஹோலுக்கு 35 வெள்ளி (ரிங்கிட்), 18 ஆடணும்னா அதே 9ஐ வேற டீயில (முதல் அடி அடிக்கற எடம்) இருந்து ரெண்டாவது சுத்து ஆடணும்.

திடலோட கதைய கொஞ்சம் சொன்னாதான் மழை மேட்டரு புரியும். இதுல 6 ஹோலு கித்தா (ரப்பர்) தோட்டமா இருந்த காலத்துல துரைங்க ஆடறதுக்காக போட்டது, அது 1, 2, 3, அப்புறம் 7, 8, 9. எல்லாமே குன்று மேலயும் குன்று சரிவுலயும் இருக்கு. நடுவுல இருக்கற 4, 5, 6 பின்னாடி வந்தது, தோட்டம் செம்பனைக்கு மாறுன பிறகு கீழ சதுப்பா கெடந்த நெலத்த சமப்படுத்தி சேத்தாங்க. வெயில் காலத்துல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, சொல்லப்போனா புதுசுதான் பாக்க அழகா பச்சையா இருக்கும். ஒரு நல்ல மழை வரட்டும், எது யாரு போட்டதுன்னு தண்ணியே காட்டிக் குடுத்துடும்.

கித்தா போட்டவங்களுக்கு தண்ணியப் பத்தி நல்லா தெரியும். குன்றுல மரம் நடணும்னா சரிவை குறுக்க வரி வரியா மேடை வெட்டணும், மண்ணு அடிச்சிக்கிட்டுப் போகாம இருக்க இடையில குழி வெட்டி வெக்கணும், மழைத் தண்ணி எந்தப் பக்கம் எறங்கும்னு பாத்து லோங்காங் (வடிகால்) எடுக்கணும். கோல்ப் திடலு போடறப்பவும் அதே புத்திதான் வேலை செஞ்சிருக்கு, துரை கை நீட்டி காட்டியிருப்பாரு, மம்முட்டி புடிச்சது யாருன்னு உங்களுக்கே தெரியும். பழைய கிரீன் (புல்லை ஒட்ட வெட்டி ஹோல் குழி வெச்சிருக்கற எடம்) எல்லாம் அங்கேயே கெடந்த மண்ண குவிச்சு மேடாக்கி, பின்னாடி உசரமா முன்னாடி தாழ்வா சாய்ச்சு விட்டது. உள்ள பைப்பும் கெடையாது ஒண்ணும் கெடையாது. தண்ணி உள்ள எறங்க எல்லாம் காத்துக்கிட்டு இருக்காது, மேலோடவே வழிஞ்சு முன்பக்கமா ஓடிடும், மழை விட்ட அரை மணி நேரத்துல பட்டர் மட்டையை எடுத்து பந்தை உருட்டி ஆடலாம்.

ஆனா ஒண்ணு, அந்தத் தண்ணி எல்லாம் எங்க போகுது? கிரீனுக்கு முன்னாடி இருக்கற புல்லுலதான். அதனால பழைய 6 ஹோல்லயும் கிரீன் கெட்டியா இருக்கும், கிரீனுக்கு முன்னாடி 10 மீட்டரு சொதசொதன்னு இருக்கும். வெயில் நாள்ல நாங்க எல்லாம் அங்க பந்தை குத்தி உருட்டி ஏத்துவோம், மழையில அந்த வித்தை செத்துப் போச்சு, குத்துன இடத்துலயே உக்காந்துக்கும். பறந்துதான் போய் எறங்கணும், கிரீன் நடுவுலயே எறங்கணும். இத ஒண்ண மட்டும் மண்டையில ஏத்திக்கிட்டீங்கன்னா இந்தத் திடல்ல மழையில ஸ்கோர் போட்டுடலாம்.

இப்ப ஹோலுக்கு வரேன்.

1வது ஹோலு பார் 4 (நாலு அடியில முடிக்கணும்னு கணக்கு), 310 மீட்டரு, கிளப் வாசல்ல இருந்து நேரா எறக்கம். டீ பாக்ஸ் பக்கத்துல பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒண்ணு இருக்கு, வானம் இருட்டுனா எலைய மடிச்சுக்கும், இங்க உள்ள கேடிங்க (ஆடறவங்களுக்கு பேகு தூக்கறவங்க) போன்ல ராடார் பாக்கறதுக்கு முன்னாடி அதைத்தான் பாப்பாங்க. வெயில் காலத்துல இந்த ஹோலு ஒரு எரிச்சல் புடிச்ச ஹோலு, பேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவுல இருக்கற புல்வெளி) பூரா மாட்டுப்புல்லு, காஞ்சு கெட்டியாகி, ரொம்ப தூரம் போற டிரைவர் மட்டையில அடிச்சா பந்து உருண்டு உருண்டு கீழ இருக்கற பாரிட்டுல (வாய்க்கால்) போய் விழும், அதனால எல்லாரும் தூரம் கம்மியா போற 5 அயர்ன் எடுத்து பயந்து பயந்து அடிப்பாங்க. மழையில அந்த பயமே கெடையாது. பந்து விழுந்த எடத்துல இருந்து ரெண்டு அடி தாண்டாது. டிரைவரை எடுத்து முழுசா சுத்தலாம், பாரிட்டுக்கு முன்னாடியே நின்னுடும், அங்க இருந்து வெட்ஜ் மட்டையில தூக்கி ஒரு சின்ன ஷாட்டு. வருஷம் பூரா இந்த ஹோல்ல அடக்கி வாசிச்சவனுக்கு மழை வந்தாதான் தோளுக்கு விடுதலை.

2வது பார் 3, 140 மீட்டரு, பாரிட்டைத் தாண்டி எதிர் மேட்டுல கிரீன். ஒரு கிளப் கூடுதலா, அதாவது இன்னும் தூரம் போற மட்டையா எடுங்க, வெக்கப்படாதீங்க. குட்டையா விழுந்தா கிரீன் முகப்புல பட்டு பின்னாடியே வழுக்கி வந்துடும், இல்லன்னா நேரா அந்த சொதசொதப்புல விழுந்து புதைஞ்சுக்கும். புதைஞ்சா கவலை வேணாம், பந்து விழுந்த வேகத்துல அதோட சொந்தக் குழியிலயே புதைஞ்சு கொஞ்சமாவது தரை மட்டத்துக்கு கீழ இருந்தா, பங்கரும் (மணல் குழி) பெனால்டி ஏரியாவும் (ஓடை, குளம் மாதிரி எடம்) இல்லாத பொது இடமா இருந்தா, தண்டனை இல்லாம எடுத்து, பந்துக்கு நேர் பின்னாடி ஒரு கிளப் நீளத்துக்குள்ள, ஹோலுக்கு கிட்ட போகாம டிராப் பண்ணலாம், அதாவது கையால கீழ விடலாம். ரூல் 16.3. இது தெரியாம எத்தனை பேரு சேத்துல கோடாலி போடற மாதிரி போட்டு மணிக்கட்டை ஒடச்சுக்கறாங்க.

3வது பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, பழைய கித்தா மேடை மேலயே போற பார் 4, பந்து எப்பவும் காலை விட உசரமாத்தான் இருக்கும், ஸ்பைக் தேஞ்சிருந்தா வழுக்கும், பாத்துக்குங்க.

இப்ப வருது வேதனை. 4, 5, 6.

4வது பார் 5, தட்டையோ தட்டை. ரெண்டு பக்கமும் லோங்காங் இருக்கு, ஆனா வெட்டுன புல்லும் செம்பனை மட்டையும் சேந்து அடைச்சுக்கிட்டு கெடக்கு, தண்ணி போக வழியில்லாம பேர்வேயிலயே குளம் கட்டிடுது. மாட்டுப்புல்லு அகல எல வேற, அது தண்ணிய விடாம புடிச்சுக்கும். ரூல்படி இது டெம்பரரி வாட்டர், நம்ம மூத்தவங்க இன்னும் கேஷுவல் வாட்டர்னுதான் சொல்றாங்க, 2019ல ரூலை மாத்துன பிறகும். நீங்க நிக்கறப்ப ஷூவைச் சுத்தி தண்ணி கண்ணுக்கு தெரியணும், சும்மா தரை மெத்துன்னு இருக்குன்னு சொல்லி பந்தை எடுக்க முடியாது. தெரிஞ்சா, தண்ணி இல்லாத கிட்டத்து இடம் பாத்து, அங்க இருந்து ஒரு கிளப் நீளத்துக்குள்ள தண்டனை இல்லாம டிராப் பண்ணலாம், ஹோலுக்கு கிட்ட போகக்கூடாது. இந்த 4வது ஹோல்ல பிரச்சினை என்னன்னா, அந்த கிட்டத்து இடம்ங்கறது சில நாள்ல செம்பனை மரத்துக்கு நடுவுல போய் நிக்கும். அப்ப எடுக்காம தண்ணியிலயே அடிக்கறதுதான் புத்திசாலித்தனம், ரிலீப் (இப்படி பந்தை எடுத்து வேற எடத்துல போடறது) எடுத்துத்தான் ஆகணும்னு கட்டாயம் ஒண்ணும் கெடையாது.

என்கூட ஆட வந்த கேடி அண்ணன், கித்தா வெட்டி ரிட்டயர் ஆனவரு, வயசு எழுபது தாண்டியிருக்கும், அவரு ஒண்ணு சொன்னாரு: "தம்பி, புல்லு பச்சையா இருக்கான்னு பாக்காதீங்க, நடக்கறப்ப ஷூக்கு கீழ என்ன சத்தம் வருதுன்னு கேளுங்க. சலப்னு கேட்டா வுட்டை உள்ள வெச்சுட்டு 9 அயர்ன் எடுங்க." சும்மா சொல்லக்கூடாது, இதுக்கு மேல ஒரு பாடம் எந்த கோச்சும் சொல்லல. ஈரப் புல்லுல வுட் (தூரம் அடிக்கற பெரிய தலை மட்டை) வெச்சா கீழ்ப்பக்கம் தண்ணியில சறுக்கி பந்து தலையிலதான் படும். நான் "அண்ணே, 9 அயர்ன்ல எப்ப போய் சேர்றது"ன்னு கேட்டதுக்கு, "பார் 5 தானே தம்பி, யாரு தொரத்துறா"ன்னு சொல்லிட்டு பேகை தூக்கிக்கிட்டு நடந்துட்டாரு.

5வது பார் 3ல பங்கரைப் பாக்கவே பாவமா இருக்கு. மணலு நல்ல மணலு, பழைய ஈயலம்பத்து (ஈயச் சுரங்கம்) மணலாம், வெள்ளையா இருக்கும், ஆனா அடியில களிமண்ணு, தண்ணி எறங்க எடமே இல்ல. மழைக்கு பிறகு மூணு பங்கர்ல ரெண்டுல தவளை கத்தும். பந்து அதுல விழுந்தா ப்ரீ ரிலீப் உண்டு, ஆனா பங்கருக்குள்ளயேதான் டிராப் பண்ணணும், முழுசா தண்ணி நின்னா எங்க ஆழம் கம்மியா இருக்கோ அங்க. வெளிய எடுக்கணும்னா ஒரு ஸ்ட்ரோக் தண்டம், ஹோலுக்கும் பந்து கெடந்த எடத்துக்கும் நேர்க்கோட்டுல பின்னாடி போய் போடணும். தண்ணி வத்துன மூணாவது பங்கர்ல மணலு இறுகிப் போயிருக்கும், அங்க வழக்கம் போல வெட்ஜை விரிச்சு வெச்சு அடிச்சா அடிப்பாகம் எகிறி பந்தோட வயித்துல பட்டு அந்தப் பக்கம் பாரிட்டுக்கே போயிடும். முகத்தை கொஞ்சம் நேரா வெச்சு, வேகத்தை கொறைச்சு எடுங்க, ஈர மணல்ல பந்து நெனச்சதை விட வேகமா வரும்.

6வது ஹோலு? கடந்து போங்க. அவ்ளோதான் சொல்லுவேன்.

இந்த மூணு ஹோலுக்கும் கமிட்டி செய்ய வேண்டியது பெரிய வேலை எல்லாம் இல்ல, லோங்காங்கை சுத்தம் பண்ணுனாலே பாதி தண்ணி எறங்கிடும். கிரீன்ல அடியில பைப்பு போட்டுத்தான் கட்டியிருக்காங்க, பைப்போட வாயி வெளிய வர்ற எடம் அடைச்சுப் போயிருக்கு, அதான் புது கிரீன் நடுவுல தண்ணி நிக்குது, உள்ள எறங்குன தண்ணிக்கு போக வழி வேணாமா. புது தோரண வாசலுக்கு காசு இருக்கு, ரெண்டு ஆளை போட்டு லோங்காங் தோண்ட காசு இல்லையாம். கிரீன் மேல உங்க பந்துக்கும் ஹோலுக்கும் நடுவுல தண்ணி நின்னா அதுக்கும் ரிலீப் உண்டு, வழியில தண்ணி இல்லாத கிட்டத்து எடத்துல பந்தை வெக்கலாம், டிராப் இல்ல, வெக்கறது. சில பேரு இது தெரியாம தண்ணியிலயே பந்தை பட்டரால உருட்டி நடு வழியில நிப்பாட்டிட்டு சாமியை கூப்புடறாங்க.

சேறு ஒட்டுன பந்து விஷயம். மழை ஜாஸ்தியா இருந்தா கிளப் நோட்டீஸ் போர்டுல எழுதிப் போடுவாங்க, பேர்வேயில பந்தை எடுத்து தொடச்சு வெக்கலாம்னு. எழுதலன்னா சேறுக்காக பந்தை எடுத்து தொடைக்கக் கூடாது, கிரீனுக்கு வந்தாதான் தொடைக்கலாம். என் கூட்டாளிங்க எல்லாம் எழுதலன்னா மூஞ்சை தூக்கி வெச்சுக்குவாங்க. எனக்கு அதுலதான் ருசி. சேறு பந்துக்கு வலது பக்கம் ஒட்டியிருந்தா பந்து இடது பக்கம் இழுக்கும், இடதுல இருந்தா வலதுக்கு போகும், அதை கணக்கு போட்டு குறி வெச்சு, அது சொன்ன மாதிரியே வளைஞ்சு வந்து எறங்கறப்ப வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்கு பேர்டி (பாரை விட ஒரு அடி கம்மியா முடிக்கறது) எல்லாம் பக்கத்துல வர முடியாது. ரொம்ப அசிங்கமா ஒட்டியிருந்தா மட்டும் சண்டை போடாதீங்க, பெரிய இலக்கா பாத்து அடிச்சுட்டு போயிடுங்க.

7வதுல மறுபடி மேட்டுக்கு ஏறுவீங்க, ஏறுன ஒடனே மூச்சு வரும். பார் 4, மேட்டுக்கு மேல குருட்டு டீ ஷாட்டு, காலையில மழை விட்ட நேரமா இருந்தா செம்பனைக்கு மேல மூட்டம் தொங்கிக்கிட்டு இருக்கும், பந்து அதுக்குள்ள போய் காணாமப் போகும், எங்க விழுந்துச்சுன்னு சத்தத்துலதான் தெரியும். பழைய ஆளுங்க உச்சியில ஒரு மணி கட்டி வெச்சிருக்காங்க, மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆடி முடிச்சவங்க அதை அடிச்சாதான் பின்னாடி வர்றவங்க அடிக்கணும். மூட்டத்துல அந்த மணி இல்லன்னா மண்டை போயிடும், தயவு செஞ்சு அடிச்சுட்டு போங்க.

8வது பார் 4, சுமாரு, எடது பக்கம் குரங்கு ஜாஸ்தி, பக்கியில (கோல்ப் வண்டி) ரொட்டியை விட்டுட்டு போகாதீங்க.

9வதுக்காகத்தான் இந்த ரிவியூவே எழுதறேன். பார் 5, 455 மீட்டரு, குன்றைச் சுத்தி வளைஞ்சு கிளப் வீட்டுக்கு கீழ வந்து முடியும். பேர்வே முழுசும் வலது பக்கம் சாய்ஞ்சது, வெயில் நாள்ல எடது ஓரமா அடிச்சாதான் நடுவுல நிக்கும், இல்லன்னா வலது ரஃப்புக்கு (ஓரத்து நீளப் புல்லு) உருண்டுடும். மழையில உருளாது, அதனால எங்க வேணும்னாலும் நிப்பாட்டலாம், நேரா ஹோல் கொடியை நோக்கி கோடு போட்டு ஆடலாம். திடலு மொத்தமும் நீளமாயிடுது, ஆனா அகலமும் ஆயிடுது. ரெண்டாவது ஷாட்டு அடிக்கற எடத்துல இருந்து பாத்தா மேல பழைய வரி மேடை எல்லாம் புல்லுக்கு அடியில இன்னும் தெரியும், அதுல இருந்து தண்ணி சின்ன சின்னதா வழிஞ்சு, பேர்வேயை நனைக்காம ஓரமாவே எறங்கி, கல்லு கட்டுன பழைய ஓடையில போய் சேரும். அந்த ஓடை கிரீனை பின்பக்கமா சுத்திக்கிட்டு போகும், கிரீனுக்குள்ள ஒரு சொட்டு எறங்காது. மூணாவது ஷாட்டு 90 மீட்டரு, கிரீன் ஈரத்துல பந்தை அப்படியே புடிச்சுக்கும், மெதுவான கிரீன், வளைவும் கம்மி, ஹோலோட உள் ஓரத்துக்கே குறி வெச்சு தைரியமா தள்ளலாம். வெயில் நாள்ல இதே கிரீன்ல மேல இருந்து பட்டரால தட்டுனா பந்து கிரீனை விட்டே வெளிய போயிடும். அப்ப இருந்தவங்க மழையை மனசுல வெச்சுத்தான் இந்த ஹோலை போட்டிருக்காங்கன்னு எனக்கு சந்தேகமே இல்ல, இந்த ஊர்ல மழை இல்லாம எதை கணக்கு போட்டிருப்பாங்க.

இடி மின்னலு. இதுல மட்டும் வெளையாட்டு வேணாம். பேராக் பக்கம் ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபரு, நவம்பர்ல மதியத்துக்கு மேல கட்டாயம் எங்கேயாவது இடிக்கும், அதனால காலையில 7.30க்கு டீ டைம் (ஆட்டம் ஆரம்பிக்கற நேரம்) எடுங்க. மின்னல் ஆபத்து இருக்குன்னு உங்களுக்கு நியாயமா தோணுனா கமிட்டி சொல்றதுக்கு முன்னாடியே நீங்களா ஆட்டத்தை நிறுத்தலாம், ரூல் 5.7 அதுக்கு எடம் குடுக்குது. போட்டியில நீளமா ஒரு சைரன் ஊதுனா ஒடனே நிறுத்தணும், இன்னும் ஒரு ஷாட்டுன்னு அடிச்சா தகுதி நீக்கம். இந்த கிளப்புல சைரன் ரிப்பேரு, மார்ஷல் (திடலை கண்காணிக்கற) அண்ணன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கிட்டு ஹோலு ஹோலா ஹாரன் அடிச்சுக்கிட்டு வர்றாரு, 6வதுல இருக்கறவனுக்கு அவரு வந்து சேர்றதுக்குள்ள மழையே முடிஞ்சுடும். அதுக்கு ஒரு ஸ்டார் முழுசா கட். 8வதுக்கு பக்கத்துல இருக்கற தகரக் கொட்டாயில ஒதுங்காதீங்க, இடிதாங்கி எதுவும் கெடையாது, மரத்தடியும் வேணாம், கிளப் வீட்டுக்கோ காருக்கோ போயிடுங்க.

சர்வீஸ் பத்தி. கவுண்டர்ல இருக்கற அக்கா தங்கமானவங்க, மழையில நிறுத்துனா மூணாவது ஹோலுக்குள்ளன்னா அடுத்த தடவைக்கு சீட்டு எழுதி குடுக்கறாங்க, அதுக்கு மேல போயிட்டா காசு போனதுதான். பக்கி ஈரத்துல தார் பாதையை விட்டு எறங்கக் கூடாது, அப்படி இருந்தும் முழு வாடகை வாங்கறாங்க, நடந்து போங்க, அதான் மிச்சம். துண்டு ரெண்டு மூணு கொண்டு போங்க, ஒண்ணை குடைக்குள்ள கம்பியில மாட்டிக்குங்க, கிரிப் காஞ்சா போதும் மத்தது எல்லாம் நனையட்டும். மழைக்குன்னு விக்கற கையுறை நனைய நனைய நல்லா புடிக்கும், தோல் கையுறை ஒரு ஹோல்லயே கொழகொழன்னு ஆயிடும். கிளப் முகத்துல இருக்கற கோட்டை ஒவ்வொரு ஷாட்டுக்கும் தொடச்சுக்குங்க, தண்ணி நடுவுல நின்னா சுழற்சி போயிடும், பந்து எவ்ளோ தூரம் போகும்னு அதுக்கே தெரியாது.

குளிக்கற ரூம்ல சுடுதண்ணி வருது, ஷூ கழுவ வெளிய பைப்பு இருக்கு, கேண்டீன்ல மேகி கோரெங் 6 வெள்ளி, தே தாரிக் நல்லா இருக்கும், வடை மட்டும் காலையில 10 மணிக்குள்ள தீந்துடும். திங்கக்கிழமை புல்லு வெட்டற நாளு, திடலு மூடியிருக்கும், போர்டுல எழுதியிருக்க மாட்டாங்க, போன் போட்டு கேட்டுட்டு போங்க.